மட்டாஞ்சேரி ஈரமும் மெஹ்ஃபில் சிடிகளும்

பாடகர் மெஹபூப்பின் பாட்டும், 2018இல் மறைந்த கஜல் பாடகர் உம்பாயியின் கஜலும் ஊறிய ஊர் கொச்சியின் மட்டாஞ்சேரி. இங்கே பல வீட்டு அலமாரிகளில் பழைய மெஹ்ஃபில் (வீட்டுப் பாட்டுக் கூடல்) பதிவும் கல்யாண வீடியோவும் இன்னும் சிடியில்தான் இருக்கின்றன. நேற்றுவரை அவற்றை ஓட்டிய கம்ப்யூட்டர் திடீரென்று ‘டிஸ்க்கைப் போடவும்’ என்கிறது. உடனே பழி சிடி மேல் விழுகிறது. அது குப்பைக்கும் போகிறது. தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

முதலில் கடையில் வாங்கிய ஒரு சிடி, ஒரு டிவிடி இரண்டையும் போட்டுப் பாருங்கள். டிவிடி ஓடி, சிடி மட்டும் ஓடவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் டிரைவில்தான். சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒன்று சோர்ந்தாலும் மற்றது வேலை செய்யும்.

டிரைவின் படமே திரையிலிருந்து மறைந்துவிட்டதா? விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிரைவின் பெயரருகே மஞ்சள் ஆச்சரியக்குறியும், அதன் ப்ராப்பர்ட்டீஸில் 19 அல்லது 39 என்ற பிழை எண்ணும் இருந்தால், எப்போதோ நீக்கிய சிடி எழுதும் மென்பொருள் ரிஜிஸ்ட்ரியில் மிச்சம் வைத்துப்போன ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோயர்ஃபில்டர்ஸ்’ பதிவுகள் காரணமாக இருக்கலாம். ரிஜிஸ்ட்ரியை நகலெடுத்துக்கொண்டு, சிடி டிரைவுக்குரிய பகுதியில் மட்டும் அவற்றை நீக்கி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பல நேரம் டிரைவ் திரும்பிவிடும். இது தெரியாமல் நல்ல டிரைவைக் கழற்றி எறிவதுதான் எனக்கு ஆற்றாமை.

மற்றபடி இந்த ஊரின் எதிரி ஈரம். காயலோரக் காற்றும் ஜூன் மழையும் சேர்ந்தால் டிரைவின் லென்ஸில் தூசி படலமாக ஒட்டும். சிடியிலும் பூஞ்சை ஏறும். மத்திய அமெரிக்காவின் பெலீஸிலிருந்து வந்த ஒரு சிடியின் அலுமினியப் பூச்சையே பூஞ்சை அரித்திருந்ததை 2001இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் எழுதினார்கள். சிடியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். பெயர் அச்சிட்ட பக்கத்தில் கீறல் படவே கூடாது. உலோகப் பூச்சு அந்தப் பக்கத்து வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் படிக்காத டிஸ்க்கை வேறொரு டிரைவில் போடுங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது உண்டு. படித்தால் அன்றே ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள், வீட்டில் எழுதிய சிடிகளிலிருந்து தொடங்கி. அவற்றில் பதிவைத் தாங்குவது சாயப் பூச்சு. வெயிலிலும் வெக்கையிலும் அது மங்கும். உம்பாயியின் ஆல்பம் கடையில் இன்னொன்று கிடைக்கலாம். உங்கள் வாப்பா ஹார்மோனியம் வாசித்த இரவுக்கு வேறு பிரதி கிடையாது.