ஒரே பெஞ்சில் உட்காரத்தான் 25 சதவீதம்

ஆர்.டி.இ. சீட்டு என்றதும் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு நினைவுக்கு வருவது, எல்.கே.ஜி. முதல் எட்டாம் வகுப்பு வரை கட்டணம் இல்லை என்பதுதான். நலிவடைந்த பிரிவினர் என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல். ஆனால் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை இவர்களுக்கு ஒதுக்கச் சொல்லும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) 12(1)(சி) பிரிவு வெறும் கட்டணச் சலுகை அல்ல. இலவசக் கல்வி மட்டுமே நோக்கமென்றால் அரசுப் பள்ளியே போதுமே! இந்தப் பிள்ளைகளைத் தனி வகுப்பிலோ தனி நேரத்திலோ உட்கார வைக்கக் கூடாது என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்கின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து படிக்க வேண்டும் என்பதே எண்ணம். அந்த எண்ணத்தை நாம் ஏறக்குறையக் கைவிட்டுவிட்டோம்.

சேர்ந்து படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு டெல்லியில் சான்று இருக்கிறது. அரசு சலுகை விலையில் கொடுத்த நிலத்தில் இயங்கும் தனியார் பள்ளிகள் அங்கே 2007 முதலே ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. அவர்களோடு படித்த வகுப்புகளையும் படிக்காத வகுப்புகளையும் ஒப்பிட்ட பொருளியலாளர் கௌதம் ராவ், தம் ஆய்வை 2019-இல் வெளியிட்டார். அதில் ஒரு தொடர் ஓட்டப் பந்தயம் வருகிறது. வேகமாக ஓடும் ஏழை மாணவன், மெதுவாக ஓடும் வசதியான மாணவன் இருவரில் உன் அணிக்கு யார் வேண்டும் என்று வசதியான வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டார்கள். பரிசு 50 ரூபாய் என்றபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவர், தோற்றாலும் பரவாயில்லை என்று தங்களைப் போன்றவனையே எடுத்தார்கள். பரிசு 500 ஆனதும் அந்த ஒதுக்கல் பெரும்பாலும் மறைந்துவிட்டது! ஏழைத் தோழர்களோடு ஏற்கெனவே படித்தவர்களிடம் அது முதலிலிருந்தே குறைவு. பள்ளியின் தரம் கெடும் என்பவர்களுக்கும் அந்த ஆய்விலேயே பதில் உண்டு. கணக்கிலும் இந்தியிலும் வசதியான பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை. ஆங்கிலத்தில் சிறு சரிவு இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் கலப்பு நடக்கவில்லை? பணம் தரும் முறையைப் பாருங்கள். தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அரசு செலவிடும் தொகை, தனியார் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைத்தான் அரசு கொடுக்கும். கட்டணம் குறைந்த தெருமுனை நர்சரி பள்ளிக்கு முழுப் பணமும் வந்துவிடும். காலி இடம் நிரம்புகிறதே என்று அதற்கு மகிழ்ச்சி. லட்சம் ரூபாய் வாங்கும் பள்ளிக்கு ஒவ்வொரு சீட்டும் நஷ்டம். தூர விதி வேறு இருக்கிறது. அந்தப் பள்ளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஏழைகளால் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியுமா? போதாக்குறைக்கு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் அனைத்துக்கும் 2014-இல் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்தது. மதச் சிறுபான்மை மட்டுமல்ல, மொழிச் சிறுபான்மையும் இதில் அடங்கும். அந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்வியை 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறது. இப்போதைக்கு, ஆர்.டி.இ. பிள்ளை சேரும் நர்சரி பள்ளியில் மீதி 75 சதவீதமும் பெரும்பாலும் அதே தெருப் பிள்ளைகள்தான். அங்கே யாரோடு யார் கலப்பது?

இந்த ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளி காலியாகிறது என்ற குற்றச்சாட்டை ஒதுக்கிவிட முடியாது. அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளிக்கு விலக்கு என்று கர்நாடகம் விதியை மாற்றியது. மகாராஷ்டிரம் 2024-இல் அதையே செய்ய, பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் கசிவு தொடங்குவது மூன்று வயதில். பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்.கே.ஜி. கிடையாது, தனியாரிடம் போன பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பி வருவதில்லை. ஒதுக்கீட்டை நிறுத்தினாலும் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவார்கள். அரசுப் பள்ளிகளில் மழலையர் வகுப்பைத் திறப்பதே சரியான மருந்து.

அரசின் சுமையை எங்கள் தலையில் கட்டலாமா என்ற தனியார் பள்ளிகளின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நிராகரித்தது. ஆனால் பணம் தாமதமாகிறது என்ற அவர்கள் குறை நியாயமானது. சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதியைத் தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு நிறுத்தியதால் 2025-26 ஆர்.டி.இ. சேர்க்கை கோடையில் தொடங்கவே இல்லை. நீதிமன்றம்வரை போய், அக்டோபரில்தான் தொடங்கியது. எல்.கே.ஜி. வகுப்புகள் ஜூனிலேயே ஆரம்பித்துவிட்டன. இரண்டு அரசுகளின் சண்டையில் வரிசையில் நின்றது மூன்று வயதுப் பிள்ளை.

இத்தனையும் தாண்டி உள்ளே போனாலும் எட்டாம் வகுப்போடு சட்டம் கையை விட்டுவிடுகிறது. தமிழ்நாட்டில் 2013-14-இல் எல்.கே.ஜி. சேர்ந்தவர்கள் 2023 ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தார்கள். அன்று முதல் அவர்கள் கட்டணத்தை யார் கட்டுவது என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.