கத்திக்கு வழிகாட்டும் எதிரொலி

ஒருவருடைய நெற்றியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை, ஆனால் மெல்ல வளர்ந்து வருகிறது. தொட்டுப் பார்த்த மருத்துவர், "கொழுப்புக் கட்டியாக இருக்கலாம், எடுத்துவிடலாம்" என்கிறார். ஆனால் கத்தியை எடுக்குமுன் அவர் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டி தோலை ஒட்டி இருக்கிறதா, தசைக்கும் அடியில் இருக்கிறதா? உள்ளே இருப்பது உண்மையில் கொழுப்புத்தானா? பக்கத்தில் இரத்தக் குழாய் ஏதேனும் ஓடுகிறதா?

கண்ணுக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டுமே. விரலுக்குத் தெரிவது மென்மையும் கடினமும்தான். ஆழத்தை அறிய ஒலி உதவுகிறது.

கிணறும் தோலும்

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தால் எதிரொலி கேட்கிறது அல்லவா? நீர்மட்டம் கீழே இறங்க இறங்க, எதிரொலி திரும்பிவரும் நேரமும் கூடும். அந்த நேரத்தை அளந்தால் ஆழத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

தோலிலும் இதே கணக்குத்தான். உடலின் மென்மையான திசுக்களில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. நாம் அனுப்பிய ஒலித் துடிப்பு 1.3 மைக்ரோ வினாடியில் திரும்பி வந்தது என்று கொள்வோம். ஒரு மைக்ரோ வினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒலி கடந்த தொலைவு 2 மி.மீ. போகவும் வரவும் சேர்ந்த தொலைவு இது. ஆகவே எதிரொலி எழுந்த இடம் 1 மி.மீ. ஆழத்தில் உள்ளது.

ஒலியை எழுப்புவதும் எதிரொலியைக் கேட்பதும் கருவியின் முனையிலுள்ள படிகமே. மின் துடிப்பைச் செலுத்தினால் அது அதிரும். திரும்பிவரும் ஒலி அதை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும். அழுத்தத்தால் மின்சாரம் பிறக்கும் இந்தப் பண்பை 1880-இல் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்தனர். கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்று இருந்தால் ஒலி அங்கேயே திரும்பிவிடும். அதனால்தான் முதலில் ஜெல் தடவுகிறார்கள்.

கூர்மையா, ஆழமா?

மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. வயிற்றை ஸ்கேன் செய்யச் சுமார் 3.5 மெகாஹெர்ட்ஸ் போதும். அதன் அலைநீளம் 0.44 மி.மீ. ஆனால் உடலின் பெரும்பகுதியில் மேல்தோலின் தடிமனே 0.1 மி.மீ. அளவுதான். அலைநீளத்தைவிடச் சிறிய விவரங்களை அலை பிரித்துக் காட்டாது. 20 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 0.077 மி.மீ. தோலுக்கு இதுவே ஏற்றது.

இதிலும் ஓர் இடர் உண்டு. அதிர்வெண் கூடக்கூட, திசு ஒலியை விரைவில் உறிஞ்சிவிடுகிறது. 20 மெகாஹெர்ட்ஸ் ஒலி ஒரு சென்டிமீட்டருக்குள் மங்கிவிடும். 50 மெகாஹெர்ட்ஸ் ஒலி 3 அல்லது 4 மி.மீ. ஆழத்திலேயே மங்கிவிடும். ஆழமான கட்டிக்குக் குறைந்த அதிர்வெண், மேலோட்டமான புண்ணுக்கு உயர்ந்த அதிர்வெண் என்று மருத்துவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படம் சொல்வது என்ன?

கொழுப்புக் கட்டி பெரும்பாலும் தோலுக்கு இணையாக நீண்ட முட்டை வடிவில் தெரியும். பசை போன்ற பொருள் நிறைந்த பையானால், ஒலி அதை எளிதில் கடந்து செல்வதால், அதற்குக் கீழுள்ள பகுதி கூடுதல் வெளிச்சமாகத் தெரியும். சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிய கட்டியானால் கீழே நிழல் விழும். ஓடும் இரத்தம் எதிரொலியின் அதிர்வெண்ணை மாற்றுவதால், டாப்ளர் விளைவின் மூலம் இரத்தக் குழாய்களும் புலப்படும்.

ஒரு மில்லிமீட்டரின் மதிப்பு

மெலனோமா என்பது நிறமிச் செல்களில் தோன்றும் கொடிய புற்றுநோய். அது எவ்வளவு தடித்திருக்கிறதோ அவ்வளவு ஆபத்து என்பதை 1970-இல் அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ எடுத்துக்காட்டினார். தடிமன் 1 மி.மீ.க்குள் இருந்தால் சுற்றிலும் 1 செ.மீ. நல்ல தோலைச் சேர்த்து அகற்றுவது வழக்கம், 2 மி.மீ.க்கு மேற்பட்டால் 2 செ.மீ. அகற்றுவார்கள். மீயொலி இந்தத் தடிமனை முன்கூட்டியே மதிப்பிட உதவுகிறது.

ஆனால் அதன் சொல்லே முடிவான தீர்ப்பு அல்ல. படத்தில் மெலனோமா கருமையாகத் தெரியும். அதன் அடியில் திரண்டிருக்கும் அழற்சிச் செல்களும் கருமையாகவே தெரியும். அதனால் தடிமன் மிகையாகத் தோன்றலாம். புற்றுநோயா இல்லையா என்பதையும் மீயொலியால் உறுதியாகச் சொல்ல முடியாது. சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகும்.

கருநிறத் தோலுடையவர்களுக்கு மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிறது. புதிதாகக் கரும்புள்ளி தோன்றினாலோ, பழைய மச்சம் வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, அதில் சுண்ணாம்பு தடவிப் பொசுக்க முயல வேண்டாம். அப்படிச் செய்தால், மருத்துவர் பார்க்க வேண்டிய தடயம்தான் அழியும்; அடியில் உள்ள நோய் வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு கணக்கு: 10 மெகாஹெர்ட்ஸ் மீயொலியின் அலைநீளம் திசுக்களில் எவ்வளவு? வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள்.