பேர்மாவின் ஆறாம் எண்

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த முழுவெண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண்ணை முதன்மையெண் என்பர். முதன்மையெண்களையே தரவல்ல விதியொன்றைக் காண்பது கணித அறிஞரின் நெடுநாளைய வேட்கையாகும். பிரான்சு நாட்டுப் பேர்மா என்பார் 1640இல் அத்தகைய விதியொன்றைக் கண்டதாகக் கருதினார். இரண்டின் 1ஆம், 2ஆம், 4ஆம், 8ஆம், 16ஆம் வலுக்களோடு ஒன்றைக் கூட்டின் முறையே 3, 5, 17, 257, 65,537 என்பன கிடைக்கும். இவ்வைந்தும் முதன்மையெண்களே. சுட்டியை இவ்வாறு இரட்டித்துச் செல்லின் மேல்வருவனவும் முதன்மையெண்களாகவே அமையுமென அவர் நம்பினார். அதற்குரிய நிறுவல் தம்மிடம் இல்லையென்பதை அவர் மறைத்தாரல்லர்.

ஆறாவது எண், இரண்டின் 32ஆம் வலுவோடு ஒன்றைக் கூட்டப் பெறுவது. அது 4,294,967,297 ஆகும். இது முதன்மையெண்தான் என வெறும் வகுத்தலால் உறுதிசெய்ய வேண்டின், 65,536இற்குக் குறைந்த 6,542 முதன்மையெண்களாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். கைக்கணக்கன்றி வேறு துணையில்லாத அக்காலத்தில் இஃது எளிய செயலன்று.

1729இல் கோல்ட்பாக் என்பார் கடிதவாயிலாக இவ்வினாவை ஒயிலரிடம் எழுப்பினார். 1732இல் ஒயிலர் தந்த விடை இது:

641 × 6,700,417 = 4,294,967,297.

ஐந்து சான்றுகள் துணைநின்ற விதி ஆறாம் இடத்தில் வீழ்ந்தது. 641 தற்செயலாக அகப்பட்ட எண்ணுமன்று. ஆறாம் எண்ணின் முதன்மைக் காரணி எதுவாயினும், அதனை 64ஆல் வகுக்க மீதி 1 வரும் என்பதை ஒயிலரே பின்னர் நிறுவினார். இவ்வியல்புடைய முதன்மையெண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடரும். எனவே சோதனை ஆயிரக்கணக்கிலிருந்து ஐந்தாகச் சுருங்குகின்றது.

நீண்ட வகுத்தலின்றியும் இவ்வுண்மையைக் காணலாம். 640 என்பது 641இலும் ஒன்று குறைந்தது. ஆதலின் 640இன் நான்காம் வலுவை 641ஆல் வகுக்க மீதி 1 ஆகும். 640 என்பது 5ஐ இரண்டின் 7ஆம் வலுவாற் பெருக்கியது. எனவே அதன் நான்காம் வலு, 625ஐ இரண்டின் 28ஆம் வலுவாற் பெருக்கியதற்குச் சமன். 625 என்பதோ 641இலும் 16 குறைந்தது; 16 இரண்டின் 4ஆம் வலு. ஆகவே 641இன் மடங்குகளை நீக்கின், அப்பெருக்கம் இரண்டின் 32ஆம் வலுவின் எதிர்க்குறி எண்ணாக நிற்கும். அதுவும் மீதியாகிய 1உம் 641இன் மடங்கொன்றால் மட்டுமே வேறுபடும். அதாவது, இரண்டின் 32ஆம் வலுவோடு ஒன்றைக் கூட்டிவரும் எண் 641ஆல் மீதியின்றி வகுபடும் என்க.

பேர்மாவின் எண்கள் இதனாற் பயனற்றுப் போகவில்லை. பதினேழு சமபக்கங்களையுடைய ஒழுங்கான பல்கோணியை நேர்விளிம்பும் கவராயமும் கொண்டே வரையலாமென 1796இல் காவுசு கண்டமைக்கு அடிப்படையாயிருந்தது, அவ்வெண்களுள் ஒன்றாகிய 17இன் இயல்பே. ஆயினும் ஆறாம் எண் முதல் முப்பத்துமூன்றாம் எண் வரையுள்ள யாவும் பகுபடுவன என்று இன்று தெளியப்பட்டுள்ளது. ஐந்திற்குமேல் ஒன்றேனும் முதன்மையெண்ணாகுமோ, ஆகாதோ என்பதை இன்றுவரை எவரும் நிறுவிலர்.

எடுத்துக்காட்டுகள் ஒரு கருத்தைத் தோற்றுவிக்கலாம். அதனை உண்மையென நிலைநாட்டுவது நிறுவலொன்றே. கணிதம் பயிலும் மாணவர் இவ்வேறுபாட்டை மறவாதிருத்தற்கு 641 என்னும் சிற்றெண் போதிய சான்றாகும்.