இடிக்கும் முன் எழுதி வைப்போம்



வீடு கட்டப் போகிறோம் என்றால் மேசன் பாஸிடம் யோசனை கேட்கிறோம். வெளிநாட்டு உழைப்பில் எழுந்த புது வீடுகளைப் போய்ப் பார்க்கிறோம். பிரதேச சபைக்குக் கொடுக்க ஒரு பிளானும் கீறுவித்துக் கொள்கிறோம். ஆனால் இதைப் பற்றி நல்ல புத்தகம் ஏதும் உண்டா என்று தேடுவோர் நம்மில் மிகக் குறைவு. கட்டடக்கலை நூல்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்கிவிடுகிறோம். கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் வந்த சில நூல்களோ, பல்லேபொலயில் வீடு கட்டும் ஒரு குடும்பத்துக்கும், பள்ளிவாசலைப் புதுப்பிக்க எண்ணும் ஒரு நிர்வாக சபைக்கும் நேரடியாகவே பயன்படக் கூடியவை.

நமது மாத்தளை மாவட்டத்தில் உள்ள நாலந்தா கெடிகேயை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தென்னிந்தியக் கோயில் பாணியில் கல்லால் எழுப்பப்பட்ட பௌத்தக் கட்டடம் அது. போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது அதன் பழைய இடம் நீரில் மூழ்க இருந்தது. கட்டடத்தைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, மேட்டு நிலத்தில் மீண்டும் பொருத்தி வைத்தார்கள். அதன் பெறுமதியை அறிந்தவர்கள் இருந்தார்கள், அது பிழைத்தது. நம் முன்னோர் கட்டிய ஓட்டுக் கூரைத் தக்கியாவுக்கும் விறாந்தை வைத்த வீட்டுக்கும் அப்படி யார் இருக்கிறார்கள்?

பென்சிலும் அளவு நாடாவும்

1998ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு பெரிய நூல் வெளிவந்தது. அதன் பெயர் 'தி ஆர்க்கிடெக்சர் ஒஃப் அன் ஐலண்ட்'. ஒரு தீவின் கட்டடக்கலை என்பது பொருள். றொனால்ட் லூகொக், பார்பரா சன்சோனி, லக்கி சேனாநாயக்க ஆகிய மூவரும் சேர்ந்து ஆக்கிய நூல் இது. இதன் வேர் 1960களின் தொடக்கத்தில் இருக்கிறது. அக்காலத்தில் சன்சோனி அம்மையாரும், டென்மார்க் நாட்டுக் கட்டடக்கலைஞர் உல்ரிக் பிளெஸ்னரும், இளைஞர்களான லக்கி சேனாநாயக்கவும் இஸ்மத் ரஹீமும் ஊர் ஊராகச் சென்று பழைய கட்டடங்களை அளந்து வரைந்தார்கள். அவர்கள் அரண்மனைகளை மட்டும் தேடிப் போகவில்லை. சாதாரண வீடுகளும் சிறிய வணக்கத்தலங்களும் அவர்கள் கண்ணில் பட்டன. அக்குழுவில் நமது சமூகத்து இளைஞர் ஒருவரும் இருந்தார் என்பது நாம் மகிழ வேண்டிய செய்தி.

குவிமாடம் மட்டும்தான் பள்ளிவாசலா?

குவிமாடமும் உயர்ந்த மினாராவும் இல்லாவிட்டால் அது பள்ளிவாசல் போலத் தோன்றாது என்று பலர் எண்ணுகிறார்கள். மெஹர்தாத் ஷுகூஹி 2003இல் வெளியிட்ட, தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய ஆங்கில நூலைப் பாருங்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பழைய பள்ளிவாசல்களை அவர் விளக்குகிறார். கல் தூண்கள், தட்டையான கல் கூரை, உருவங்களைத் தவிர்த்துப் பூவும் கொடியும் செதுக்கிய வேலைப்பாடு என்று அவை அந்த மண்ணின் தச்சர்கள் அறிந்த முறையிலேயே எழுந்தன. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் காலத்துப் பள்ளிவாசலும் வெயிலில் காய்ந்த செங்கல்லும் ஈச்ச மரத் தூண்களும் ஈச்ச ஓலைக் கூரையும் கொண்டதாகவே இருந்தது.

இன்றைய உதாரணமும் உண்டு. பங்களாதேசின் டாக்காவில் மரீனா தபஸ்ஸும் என்ற பெண் கட்டடக்கலைஞர், தமது பாட்டி தந்த நிலத்தில் பைத்துர் ரவூப் பள்ளிவாசலைச் செங்கல்லால் அமைத்தார். அங்கே குவிமாடமும் இல்லை; மினாராவும் இல்லை. வெளிச்சமும் காற்றும் தாமாக உள்ளே வருகின்றன. 2016இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

இன்னொரு நூல், ஷாஹித் சலீம் 2018இல் எழுதிய 'தி பிரிட்டிஷ் மொஸ்க்'. குடியேறிய முஸ்லிம்கள் பிரித்தானியாவில் சாதாரண வரிசை வீடுகளைத் தொழுமிடமாக மாற்றிக்கொண்ட கதையையும் அது வரலாறாகப் பதிவு செய்கிறது. அந்தச் சிறிய அறைகள் வரலாறு என்றால் நமது ஊர்த் தக்கியா ஏன் வரலாறாகாது?

குடும்பத்தைக் கேட்டுக் கட்டிய வீடுகள்

கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா அம்மையாரின் வாழ்வையும் பணியையும் சொல்லும் நூல், அவர் மறைந்த 1998இலேயே வெளிவந்தது. 1950களில் கண்டி வத்தபுளுவ வீடமைப்புத் திட்டத்தைச் செய்தபோது, அங்கே குடியேற இருந்த பல இனத்தவரிடமும் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று வினாக்கொத்துக் கொடுத்து விசாரித்தார். அதன் பின்பே வீடுகளைத் திட்டமிட்டார்.

சகோதரிகளே, உங்கள் புது வீட்டின் பிளானைக் கீறியபோது உங்களிடம் யாராவது கேட்டார்களா? சமையலறையில் காற்று எப்படி வரும், பெண் விருந்தினர் எங்கே அமர்வார்கள், உம்மும்மா எங்கே தொழுவார், மழை நாளில் உடுப்பு எங்கே காயும் என்றெல்லாம்? பழைய வீட்டின் உள்முற்றமும் விறாந்தையும் இவற்றுக்கெல்லாம் விடையாக இருந்தன. அவற்றை இழந்த பிறகு, தகிக்கும் கொங்கிரீட் கூரையின் கீழ் மின்விசிறியை நம்பி வாழ்கிறோம்.

நாம் செய்யக் கூடியது

புதிதாகக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடும்பமும் ஜமாஅத்தும் பெருகும்போது இடம் போதாமற் போகும். ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரத்தை ஒதுக்குங்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள். தூண், கதவு, மிஹ்ராப், ஹவுழ் ஆகியவற்றின் நீள அகலத்தை அளந்து ஒரு கொப்பியில் வரையுங்கள். உத்தரத்திலோ சுவரிலோ ஆண்டு பொறித்திருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். யார் நிலம் தந்தார், எந்தத் தச்சர் வேலை செய்தார், மரம் எங்கிருந்து வந்தது என்று முதியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் மௌத்தான பின் கேட்க ஆள் இருக்காது. ஒரு பிரதியைப் பள்ளிவாசலிலும் இன்னொன்றைப் பாடசாலை நூலகத்திலும் வையுங்கள்.

மேலே சொன்ன நூல்கள் ஆங்கிலத்தில் இருப்பவை, விலையும் அதிகம். எனவே பொது நூலகத்தில் வாங்கி வைக்கும்படி கேளுங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளை வாசித்துச் சொல்லச் செய்யுங்கள். படங்களுக்கும் வரைபடங்களுக்கும் மொழி தேவையில்லை.

நமது ஊர்களின் கட்டடங்களைப் பற்றித் தமிழில் ஒரு நூல் எழுத நாளை ஒருவர் முன்வந்தால், அவருக்கு வேண்டியது உங்கள் வீட்டுக் கொப்பிதான். இன்ஷா அல்லாஹ், இந்த வாரமே அதைத் தொடங்குங்கள்.