வெயிலில் வயசாகும் புகை

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் எங்கே பார்த்தாலும் சீமைக் கருவேலம். அதை வெட்டி அடுக்கி, இலைதழை போட்டு மண்ணால் மூடி, காற்று அதிகம் போகாமல் நாள்கணக்கில் கனலவிட்டால் கரி. மழை பொய்க்கிற இந்த மண்ணில் கரிமூட்டம்தான் பல குடும்பங்களுக்குச் சோறு. மூட்டத்துப் புகை கொஞ்ச தூரம் போனதும் கண்ணுக்குத் தெரியாது. "அதான் கலைஞ்சு போச்சே" என்போம். கலைந்தது சரி, அப்புறம் அது என்ன ஆகிறது?

புகைத்துகள் வெறும் கரி இல்லை. கார்பனோடு தாரும் சேர்ந்திருக்கும். மூட்டம் போலக் கனன்று எரிகிற தீயில் தார்தான் அதிகம். அந்தத் தாரில் இருக்கிற பென்சோபைரீன் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். 1775-லேயே லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்தவர்களின் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று எழுதினார்.

வெயிலும் ஓசோனும் பட்டால் பென்சோபைரீன் சிதையும். நல்லதுதானே? முழுசாக இல்லை. ஆக்ஸிஜன் ஏறும்போது இந்த வகைச் சேர்மங்களில் சில குயினோன்களாக மாறும். குயினோன் நம்ம ஊர் கமலைச் சால் மாதிரி. நுரையீரல் செல்லிடம் எலக்ட்ரானை மொண்டு ஆக்ஸிஜனில் ஊற்றும், திரும்பப் போய் மறுபடி மொள்ளும். ஊற்றிய ஒவ்வொரு தடவையும் செல்லை அரிக்கிற ஒரு ஆக்ஸிஜன் வடிவம் பிறக்கும். ஒரே மூலக்கூறு இதைப் பல தடவை செய்யும்.

அதற்காக வயசு ஏற ஏற விஷமும் ஏறிக்கொண்டே போகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெயில் நீண்டால் குயினோனும் உடையும், பழுப்புத் தாரும் வெளுக்கும். ஆக, கணக்கு ரெண்டு. தூரம் போகப் போக புகையின் அளவு குறையும். ஆனால் ஒவ்வொரு கிராமின் வீரியம் நடுவழியில் கூடவும் செய்யலாம்.

நம்ம நாட்டுக் காற்றுத் தரத்தில் நுண்துகளுக்கான வரம்பு முதல் கணக்கை மட்டும்தான் பார்க்கிறது: 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். இது வெறும் எடை. புதுப் புகையும் வெயிலில் முதிர்ந்த புகையும் அதற்கு ஒன்றுதான்.

மூட்டத்தை ஊரைவிட்டுத் தள்ளிப் போடுவது நல்லது, அளவு நிச்சயம் குறையும். ஆனால் புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து ஆபத்து போய்விட்டது என்று சொல்ல முடியாது. மூட்டத்தடியில் நிற்கிறவருக்கோ தூரம் என்ற சலுகையே கிடையாது. முகத்தில் கட்டிய துண்டு இவ்வளவு சின்னத் துகளைத் தடுக்காது. அவருக்கு முதலில் வேண்டியது நல்ல முகக்கவசம்.