முட்டைச் சவ்வு சொல்வதும் சொல்லாததும்

அடைக்கு வைத்த மூன்றாம் நாள், ஆய்வுக்கூடத்தில் கோழிக் கருமுட்டையில் ஊசி குத்தி இரண்டு மூன்று மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுக்கிறார்கள். கரு ஓட்டைவிட்டுச் சற்றே கீழிறங்குகிறது. மேல் ஓட்டில் சிறு சன்னல் வெட்டி, டேப் ஒட்டி, மறுபடி இன்குபேட்டரில் வைக்கிறார்கள். எட்டு, பத்து நாளில் டேப்பை விலக்கினால் உயிருள்ள ரத்தக்குழாய் வலை கண்ணெதிரே விரிந்து கிடக்கும்.

ஓட்டின் நுண்துளைகள் வழியே காற்றை வாங்க, கரு வளர்த்துக்கொள்ளும் சவ்வு அது. நுரையீரல் இயங்கும்வரை அதுதான் மூச்சு. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் ஓட்டிலிருந்து கரைத்துத் தருகிறது. நோய் எதிர்ப்பாற்றல் முதிராத பருவம் என்பதால், மனிதப் புற்றுச் செல்லை வைத்தாலும் சவ்வு ஏற்றுக்கொள்கிறது.

1911-இலேயே நியூயார்க்கில் கோழிப் புற்றுக்கட்டியைக் கருமுட்டையில் வளர்த்துக் காட்டிவிட்டார்கள். 1971-இல் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஒருவர், புது ரத்தக்குழாய்களை வரவழைக்காமல் கட்டி பெரிதாகாது, அவற்றைத் தடுத்தால் கட்டியை அடக்கலாம் என்று எழுதினார். பலர் நம்பவில்லை. அதைச் சோதிக்க வாய்த்த களங்களுள் ஒன்று இந்தச் சவ்வு. ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்து 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கவலை வேறிடத்தில். ஒரு மூலிகைச் சாற்றைக் காகித வட்டில் நனைத்துச் சவ்வின்மேல் வைத்து, சில நாள் கழித்துக் குழாய்களை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ‘புற்றுநோயைத் தடுக்கும் மூலிகை’ என்று செய்தி பரவுகிறது. நஞ்சைச் சொட்டினாலும் குழாய்கள் குறையத்தான் செய்யும்! கருவே சாகும்போது குழாய் எப்படித் தழைக்கும்? எதிர்ப்புறமும் ஆபத்து உண்டு. சன்னல் வெட்டும்போது உதிரும் ஓட்டுத்தூள் பட்டாலே சவ்வு அழற்சி கண்டு குழாய்கள் அங்கே குவியும், ஏதோ மருந்து வளர்த்துவிட்டதைப் போல. அந்த வயதில் சவ்வு தானாகவே வேகமாக வளர்வதால், பழைய குழாய் எது, புதியது எது என்று பிரிப்பதும் எளிதல்ல.

எலிகளை வதைக்காமல், குறைந்த செலவில் முதல் வடிகட்டலைச் செய்ய இதைவிட நல்ல வழியில்லை என்று ஆய்வுக்கூடத்தார் சொல்கிறார்கள். சரிதான். முதல் வடிகட்டலோடு நிற்க வேண்டும், அவ்வளவே. மூலிகைச் செய்தியை நம்பிச் சிகிச்சையை நிறுத்திச் சாறு குடிக்கும் நோயாளிக்கு, முதல் வடிகட்டலுக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சொல்வதில்லை.

சோதனையை நம்ப வேண்டுமானால், எந்த முட்டையில் என்ன வைத்தோம் என்று அறியாதவர்தான் குழாய்களை எண்ண வேண்டும். வெறும் கரைப்பான் வைத்த முட்டைகளும் பக்கத்தில் இருக்க வேண்டும். எத்தனை கருக்கள் இறந்தன என்ற கணக்கை, படங்களுக்கு முன்பாக, முதல் அட்டவணையிலேயே அச்சிட வேண்டும்.