அலையாத்தியை மொட்டையடிக்கும் அந்துப்பூச்சி

மும்பை செம்பூரில் வாஷி ரயில் ஏறினால், மான்குர்த் தாண்டியதும் இருபுறமும் அலையாத்திக் காடு. மழைக்காலம் முழுக்கப் பச்சைப்பசேலென்று நிற்கும் காடு, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் சில இடங்களில் தீய்ந்ததுபோல் பழுப்பேறிவிடும். ரசாயனம் கலந்துவிட்டது, எண்ணெய் கசிந்துவிட்டது என்று புகார்கள் பறக்கும். மாஹுல் எண்ணெய் ஆலைகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அப்படிச் சந்தேகப்படுவதில் தப்பில்லைதான். ஆனால் பல சமயம் காரணம், இறக்கையை விரித்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர் தேறும் ஓர் அந்துப்பூச்சி.

பெயர் ஹைப்ளேயா ப்யூரா. உட்கார்ந்திருக்கும்போது காய்ந்த சருகு. முன்னிறக்கை அவ்வளவு மங்கிய பழுப்பு. பறக்க எழும்போதுதான் பின்னிறக்கை தெரியும்: கறுப்பில் ஆரஞ்சு மஞ்சள் திட்டுகள்.

டச்சுக்காரரான பீட்டர் கிராமர் 1777இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். வனத்துறையினருக்கு இது தேக்கின் எதிரி. கேரளத்தின் நிலம்பூரில், 1840களில் மலபார் கலெக்டர் கானலி தொடங்கிய தேக்குத் தோட்டங்கள் உள்ள பகுதியில், கோடை மழை விழுந்து தளிர் விட்டதும் புழுக்கள் படையெடுக்கும். இளம் தேக்கு மரங்கள் இதனால் 44 சதவீத மர வளர்ச்சியை இழப்பதாகக் கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் கணக்கிட்டார்கள். புழுவை மட்டும் கொல்லும் வைரஸ் ஒன்றையும் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள்.

தேக்கு தின்னும் பூச்சிக்கு உப்புநீர் மரத்தில் என்ன வேலை? நொச்சியும் இதற்குத் தீனிதான். தேக்கு, நொச்சி, அலையாத்திக் காட்டின் வெண்கண்டல் மூன்றுமே துளசி இருக்கும் தாவர வரிசையைச் சேர்ந்தவை. இந்தியா, இலங்கை தொடங்கி நியூகினி, ஆஸ்திரேலியா வரையிலும், மேற்கிந்தியத் தீவுகளிலும்கூட இந்தப் பூச்சி பரவியிருப்பதற்கு இந்தத் தாராள நாக்கும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இலை ஓரத்தை வெட்டி, மடித்து, நூலால் தைத்து, புழு அதற்குள் ஒளிந்து தின்னும். தேக்குக் காட்டில் தரைச் சருகுக்குள் கூட்டுப்புழுவாகும். கழிமுகத்தில் ஓதம் ஏறுமே! அங்கே மடித்த இலைக்குள்ளேயே வேலை முடிகிறது. முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரை மூன்று நான்கு வாரம்தான்.

மொட்டையான வெண்கண்டல் பொதுவாகச் சாவதில்லை. சில வாரங்களில் மறுபடி துளிர்க்கும். பூச்சிமருந்து தெளித்தால்தான் வம்பு. கீழே நண்டும் இறாலும் மீனும் வளரும் சேறு. அதை நம்பிக் கோலி மீனவர்கள்.

தாராவியை ஒட்டிய மித்தி ஆற்றோரத்திலோ வாஷி பாலத்தருகிலோ பழுப்பேறிய காட்டைப் பார்ப்பவர்கள் முதலில் இலையைக் கவனியுங்கள். வெண்கண்டலில் மட்டும் நரம்பு மிஞ்சி, பக்கத்து மரங்கள் பச்சையாக இருந்தால் பூச்சியின் கைவரிசை; காத்திருக்கலாம். எல்லா மரமும் சேர்ந்து வாடினாலோ, இலை அரிக்கப்படாமலே கருகினாலோ, வனத்துறையின் அலையாத்திப் பிரிவுக்கு உடனே சொல்லிவிடுங்கள்.